வீட்டுக்குத் தெரியாமல் சைக்கிள்: எங்கள் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நாங்கள் சைக்கிள் விற்கிறோம், பழுதும் பார்க்கிறோம். பாண்டி, பாகூர், கடலூர் என்று பல பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். விலை, கியர், உயரம் எல்லாம் பேசி முடித்த பிறகு, கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திச் சில கேள்விகள் கேட்பார்கள். வீட்டில் சொல்லாமல் வாங்குவது எப்படி என்பதைச் சுற்றித்தான் எல்லாமே. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறோம். கல்லாவைப் பார்த்துக்கொள்வது என் மனைவி. கீழே உள்ள பதில்களில் பாதி அவர் சொன்னவை.

என் சம்பளம், என் சைக்கிள். சொல்லாமல் வாங்கினால் என்ன?

சம்பளம் உங்களுடையதுதான். ஆனால் சைக்கிளுக்குப் போகும் அந்த 40,000 ரூபாய்க்கு வீட்டில் யாராவது ஏற்கெனவே ஒரு வேலை வைத்திருப்பார்கள். ஜூன் மாத ஸ்கூல் ஃபீஸ், மாமனாரின் கண் ஆபரேஷன், ஏலச்சீட்டில் கட்ட வேண்டிய தவணை, இப்படி ஏதாவது ஒன்று. நீங்கள் எடுத்துவிட்டது தெரியாமல் அவர்கள் அதை நம்பித் திட்டம் போட்டுக்கொண்டிருப்பார்கள். சண்டை வருவது அந்த இடத்தில்தான்.

தெரியாமலே இருந்துவிடும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். சைக்கிள் ஐந்தரை அடி நீளமுள்ள பொருள். பேங்க் எஸ்எம்எஸ், பாஸ்புக், அப்பார்ட்மெண்ட் வாட்ச்மேன், காலையில் கூட ஓட்டுகிறவர் வாட்ஸ்அப் குரூப்பில் போடும் போட்டோ, இவற்றில் ஏதோ ஒன்று சொல்லிவிடும். சவாரியைப் பதிந்து வைக்கும் ஸ்ட்ராவா ஆப்பில் எந்தச் சைக்கிளில் ஓட்டினீர்கள் என்று பெயரோடு பதிந்து வைத்தால், சவாரிக்குக் கீழேயே அது தெரியும். மைத்துனர் ஒருவர் உங்களை அதில் பின்தொடர்ந்தால் போதும்.

தெரிந்த அன்று முதலில் வரும் கேள்வி விலையைப் பற்றி இருக்காது. "இன்னும் என்னென்ன மறைச்சு வச்சிருக்கீங்க?" என்பதுதான் வரும். அதற்குப் பதிலாகக் காட்ட உங்களிடம் எந்த ரசீதும் கிடையாது.

பில்லில் விலையைக் குறைத்துப் போட்டுத் தர முடியுமா? 45,000-ஐ 15,000 என்று?

முடியாது. வாங்கிய விலைக்குத்தான் பில். பொய் பில் போடுவது ஜிஎஸ்டி சட்டப்படி குற்றம், அதற்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டி வரும்.

உங்களுக்கும் அது நல்லதில்லை. சைக்கிள் திருடு போனால் ஸ்டேஷனில் பில்லும் ஃபிரேம் நம்பரும் கேட்பார்கள். ஃபிரேமில் விரிசல் விட்டால் கம்பெனி வாரண்டிக்கும் பில்தான் வேண்டும். (ஃபிரேம் நம்பர் பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும். சைக்கிளைக் கவிழ்த்துப் பார்த்து, போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மறைக்கிறவர்கள், மறைக்காதவர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்கிறோம்.)

பில் பற்றிப் பேசுவதால் இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரி பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியிருக்கிறது. கடலூரிலிருந்து வருகிறவர்கள் சிலர் "பாண்டியில் வாங்கினால் வரி குறைவு, அதான் வந்தேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டு வருகிறார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு ரெண்டு ஊரிலும் வரி ஒன்றுதான். அந்தக் காரணம் வீட்டில் எடுபடாது.

சைக்கிளை உங்கள் கடையிலேயே வைத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்து ஓட்டிவிட்டுத் திருப்பி வைத்துவிடலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. சர்வீஸுக்கு விட்ட சைக்கிளைச் சில நாள் வைத்திருப்போம். ஒளித்து வைக்க இடம் தருவதில்லை. குருசுக்குப்பத்தில் நண்பன் வீடு, கடலூர் தேவனாம்பட்டினத்தில் மாமா வீடு, ஆபீஸ் மாடிப்படிக்கு அடியில் என்று வேறு இடம் பார்க்கிறவர்களுக்கும் இந்தப் பதில் பொருந்தும்.

நம் ஊர் கடலோர ஊர். காற்றிலேயே உப்பு இருக்கிறது. கடலுக்குப் பக்கத்துத் தெருக்களில் எண்ணெய் காய்ந்த செயின் சில நாளிலேயே செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். அடுத்து ஸ்போக் கம்பிகளின் நிப்பிள், பிறகு பிரேக் கேபிள். அலுமினிய ஃபிரேமுக்குள் சீட் போஸ்ட் இறங்கும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால் ரெண்டு உலோகமும் ஒன்றோடொன்று இறுகிக்கொள்ளும். அதைக் கழற்றுவதற்குள் ஃபிரேமே போய்விடுவதும் உண்டு. மாதம் ஒருமுறை உருவித் துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் தடவினால் இந்தத் தொல்லையே இல்லை. டயரில் காற்று இறங்கிய சைக்கிள் அப்படியே நின்றால் பக்கவாட்டு ரப்பர் மடிந்து வெடிப்பு விடும். இவ்வளவையும் தினமும் கண்ணில் படும் சைக்கிளுக்குத்தான் செய்வீர்கள். அடுத்தவர் வீட்டில் பூட்டிக் கிடக்கும் சைக்கிளுக்கு யாரும் செய்வதில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ரெயின்போ நகரில் நண்பரின் கீழ்த்தளத்து அறையில் ஒருவர் புதுச் சைக்கிள் ஒன்றை வைத்திருந்தார். நண்பர் ஊரில் இல்லை, சாவியும் அவரிடம். நம்மாள் வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து டிவியில் தெருவில் படகு போவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வாயைத் திறந்து சொல்லவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. சில வாரம் கழித்து எங்களிடம் கொண்டுவந்தார். பின் சக்கரத்தைச் சுற்றினால் மணல் அரைபடும் சத்தம். சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பைத் திறந்தோம், உள்ளே கிரீஸ் பால் கலந்த டீ மாதிரி இருந்தது. பெடல் அச்சு, ஹேண்டில்பார் திரும்பும் இடமான ஹெட்செட், ரெண்டு ஹப், எல்லாவற்றிலும் தண்ணீர். பால்ரஸ் மாற்றி முழுசா ஓவராயில் செய்து கொடுத்தோம். வெள்ளம் வடிந்த மறுநாளே கழற்றியிருந்தால் துடைத்து, புதுக் கிரீஸ் வைத்து முடித்திருக்கலாம்.

அதே நிறத்தில் வாங்கினால் வித்தியாசம் தெரியாது அல்லவா? அல்லது ஒவ்வொரு பார்ட்டாக வாங்கிப் பழையதில் மாற்றிக்கொண்டே வந்தால்?

கறுப்புச் சைக்கிள் இருக்கிற வீட்டுக்கு இன்னொரு கறுப்புச் சைக்கிள் எடுத்துப் போனவர்கள் உண்டு. ரெண்டும் ஒரே நேரத்தில் வீட்டில் நிற்கக் கூடாது என்பதால் பழையதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கேயே ஒரு நஷ்டம்.

பார்ட்டாக வாங்குவது இதைவிடச் செலவு. ஷிமானோ கியர் செட், சக்கரம், ஃபிரேம், ஹேண்டில்பார் எல்லாவற்றையும் சைக்கிள் கம்பெனி மொத்த விலையில் வாங்கிப் பூட்டுகிறது. நீங்கள் தனித்தனியாகச் சில்லறை விலையில் வாங்கினால், அதே சைக்கிளுக்குப் பணம் கூடுதலாகத்தான் ஆகும். 8 கியர் சக்கரத்தில் 11 கியர் ஷிஃப்டர் ஒத்துப்போகாது என்பது போன்ற இடைஞ்சல்களும் சேரும். ஆசைப்பட்டு, தெரிந்து செய்தால் அது நல்ல கைவேலை. ஒளிக்க வேண்டும் என்பதற்காகச் செய்யாதீர்கள்.

நோ காஸ்ட் ஈஎம்ஐயில் வாங்கினால் மாதம் சின்னத் தொகைதானே போகும்?

சின்னத் தொகை மாதாமாதம் போகும். பல பேங்குகளில் பிராசஸிங் கட்டணம் உண்டு, வட்டிக் கணக்கின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. பிறகு ஒரு வருஷத்துக்கு ஒவ்வொரு ஸ்டேட்மெண்டையும் மறைக்க வேண்டும்.

நகையை வைத்து வாங்குவதாக யாராவது சொன்னால் நாங்கள் விற்பதில்லை. மனைவிக்கு அவர் பிறந்த வீட்டில் போட்ட நகை அவருடைய சொந்தச் சொத்து. உச்ச நீதிமன்றம் 1985-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. இன்னொன்று எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது?

முதலில் அந்தக் கேள்விக்கு உங்களுக்கே பதில் தெரிய வேண்டும். உண்மையான பதில் இருந்தால் மறைக்கத் தோன்றாது. மறைக்கத் தோன்றினால் பெரும்பாலும் அந்தப் பதில் இன்னும் உருவாகவில்லை என்று அர்த்தம். எங்கள் அனுபவம் இது.

சைக்கிள்காரர்கள் உலகம் முழுக்கச் சொல்லும் ஒரு கணக்கு உண்டு: தேவையான சைக்கிள்களின் எண்ணிக்கை, இப்போது இருப்பதோடு இன்னொன்று. அதற்கு அடுத்த வரியும் உண்டு: துணைவர் வீட்டை விட்டுப் போய்விடும் எண்ணிக்கைக்கு ஒன்று குறைவாக. சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நாங்கள் இதில் சிரிப்பதில்லை. எத்தனையாவது சைக்கிள் என்பதால் யாரும் போவதில்லை, எத்தனையாவது பொய் என்பதால்தான் போகிறார்கள்.

"200 கிலோமீட்டர் பிரவே ஓட்டப் போகிறேன், ரோடு பைக் இல்லாமல் முடியாது" என்பார்கள். பிரவே என்பது குறித்த நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சவாரி, ரோடு பைக் என்பது மெல்லிய டயர் வைத்த வேகச் சைக்கிள். பிரவேக்கு விதி வகுக்கும் பிரான்சின் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் விதிப்படி 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 600-க்கு 40 மணி. நிற்கும் நேரமும் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர்தான். உங்களிடம் இருக்கும், ரோடு பைக்குக்கும் மலைச் சைக்கிளுக்கும் இடைப்பட்ட ஹைப்ரிட்டில் கரடு டயரைக் கழற்றிவிட்டு 32 மில்லிமீட்டர் வழவழப்பான டயர் போட்டு, சீட் உயரத்தைச் சரிசெய்து, செயின் மாற்றினால் தாராளமாக முடியும். அதற்கு ஆகும் செலவு புதுச் சைக்கிளில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஈசிஆரில் மரக்காணம் உப்பளம் வரை போய்வர, ஊசுட்டேரி சுற்றி வர, கடலூர் சில்வர் பீச் போய்வர அதுவே போதும். இதைச் சொல்லிப் பலரை வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறோம். ஒரு வருஷம் ஓட்டிவிட்டுத் திரும்ப வந்து, எங்கே தோள் வலிக்கிறது, எந்த ஏற்றத்தில் கியர் போதவில்லை என்று சொல்லத் தெரிந்தவருக்கு அடுத்த சைக்கிள் விற்பது எங்களுக்கும் சந்தோஷம்.

சரி, வீட்டில் சொல்கிறேன். எவ்வளவு என்று சொல்லட்டும்?

முழுத் தொகை. சைக்கிள் விலையை மட்டும் சொல்லிவிட்டு, பிறகு ஹெல்மெட், லைட், பம்பு, பூட்டு, உதிரி டியூப், டயர் லீவர், செயின் ஆயில் என்று மாதம் ஒன்றாகக் கொண்டுவருவதுதான் பாதி வீடுகளில் பிரச்சினை. 40,000 ரூபாய் சைக்கிளுக்கு இவை எல்லாம் சேர்த்து 6,000-லிருந்து 8,000 வரை வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து ஓட்டுகிறவருக்கு 3,000 முதல் 5,000 கிலோமீட்டருக்குள் செயின் மாற்ற வேண்டி வரும். தேய்ந்த செயினோடு ஓட்டினால் பின் பல்சக்கரமும் சேர்ந்து போகும், அது இன்னும் செலவு. கேட்டால் நாங்களே ஒரு தாளில் முதல் வருஷச் செலவை எழுதித் தருகிறோம். அந்தத் தாளை அப்படியே வீட்டில் காட்டலாம்.

பேங்கில் மாதம் 2,000 ரூபாய் ஆர்டி (தொடர் வைப்பு) போட்டால் 20 மாதத்தில் 40,000, வட்டி தனி. வீட்டில் ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு தொகை, யாரும் யாரையும் கணக்குக் கேட்காத கைச்செலவுப் பணமாக ஒதுக்குவது நல்ல வழி. அதிலிருந்து சேர்த்து வாங்கினால் ஒளிக்க வேண்டிய தேவையே வராது. ஒருவருக்கு மட்டும் ஒதுக்கி மற்றவருக்கு ஒதுக்காமல் விட்டால் அது வேலைக்கு ஆகாது.

எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது?

விலையை விட நேரத்தைப் பற்றித்தான் வீட்டில் அதிகம் யோசிக்கிறார்கள். கடைக்கு வரும் மனைவிமார் கேட்கும் முதல் கேள்வி "ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குத் திரும்பி வருவாரு?" என்பதுதான். அதற்குப் பதில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அஞ்சு மணிக்குக் கிளம்பி எட்டு மணிக்கு வந்துவிடுவேன், வரும்போது இடியாப்பமோ மீனோ வாங்கிக்கொண்டு வருகிறேன், அதற்குப் பிறகு பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ உன் வேலையைப் பார். சொன்னதைச் செய்யவும் வேண்டும்.

முடிந்தால் வாங்கும் முன் கடைக்கு ஒருமுறை கூட்டி வாருங்கள். வில்லியனூரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. கணவர் காட்டிய சைக்கிளின் விலைச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் மனைவி எழுந்து போய், "அக்கா, இதைத் தூக்கிப் பாருங்க" என்றார். ஒரு கையால் தூக்கினார், தூக்க முடிந்தது. பக்கத்தில் நின்ற பழைய கேரியர் வைத்த கறுப்புச் சைக்கிளையும் தூக்கச் சொன்னார். அது 20 கிலோவுக்கு மேல், முன் சக்கரம் மட்டும்தான் எழும்பியது. "ரெண்டு மாடி தூக்கிட்டுப் போகணும், அதான் இது வேணும்ங்கறாரா?" என்று அப்போதுதான் முதல் கேள்வி வந்தது. முட்டிவலியோடு கணவர் மாடி ஏறுவது வீட்டில் அந்த அம்மாவுக்குத்தானே தெரியும்! அன்று வாங்கவில்லை. தீபாவளி போனஸ் வந்த பிறகு ரெண்டு பேருமாக வந்து வாங்கினார்கள்.

ஏற்கெனவே வாங்கி மறைத்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

இந்த வாரமே சொல்லுங்கள். பில்லைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பணம் எங்கிருந்து வந்தது, இன்னும் எவ்வளவு பாக்கி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாமியார் முன்னால், விருந்தாளி இருக்கும்போது, ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் சொல்லாதீர்கள். பாதி விலை சொல்லிப் பார்க்கலாம் என்ற நினைப்பு வரும், அதை விட்டுவிடுங்கள். பாதி உண்மை ஒருநாள் மறுபடி வெளியே வரும், அப்போது சமாதானம் பேச யாருக்கும் மனம் இருக்காது.

கோபப்படுவார்கள், படட்டும். "உனக்காகத்தான்", "உடம்புக்காகத்தான்" என்று அந்த நேரத்தில் பேச வேண்டாம். விற்றுவிடச் சொன்னால் என்ன விலை போகும் என்று எங்களிடம் கேளுங்கள், உள்ளதைச் சொல்கிறோம். ஓட்டிய சைக்கிளுக்கு வாங்கிய விலை கிடைக்காது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

நான் பெண். என் சம்பளத்தில் சைக்கிள் வாங்கி, கணவருக்குத் தெரியாமல் ஆபீசில் வைத்து ஓட்டுகிறேன். எனக்கும் இதே பதில்தானா?

இல்லை. மேலே எழுதியதெல்லாம் பணத்தை மறைப்பவர்களுக்கு. உங்களைப் போல வரும் பெண்கள் பெரும்பாலும் விலையை மறைப்பதில்லை. 8,000 ரூபாய் சைக்கிள், அதுவும் சொந்தப் பணம். "இந்த வயசுல சைக்கிளா", "யார் பார்க்கணும்னு போற" என்ற பேச்சுக்குப் பயந்து மறைக்கிறார்கள். அது அவர்கள் மேல் குற்றமில்லை. சைக்கிள் ஓட்ட ஒரு பெண் அனுமதி வாங்க வேண்டும் என்று நினைக்கிற வீட்டில்தான் குற்றம் இருக்கிறது.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்ததோடு பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதை முன்னின்று ஊக்குவித்தார். ஆயிரக்கணக்கில் விவசாயக் கூலிப் பெண்கள், குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் கற்றுக்கொண்டார்கள். தெருவில் கேலி பேசினார்கள், அசிங்கமாகவும் பேசினார்கள். பெண்கள் நிறுத்தவில்லை. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள், பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டார்கள். தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார்கள். பஸ்ஸுக்கோ வீட்டு ஆணுக்கோ காத்திருக்க வேண்டிய அவசியம் போனது. அந்தப் பெண்களின் பேத்திகள் இன்று சைக்கிளை ஆபீசில் ஒளித்து வைக்க வேண்டியிருப்பது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது.

உங்கள் கணவர் முணுமுணுப்பார், அவ்வளவுதான் என்றால், ஒருநாள் வீட்டு வாசல் வரை ஓட்டிக்கொண்டே போய் இறங்குங்கள். சொல்லிவிட்டு ஓட்டுவதைவிட ஓட்டிக் காட்டுவது பல வீடுகளில் எளிதாக முடிந்திருக்கிறது. அடிப்பார், சம்பளத்தைப் பிடுங்குவார் என்ற பயம் இருந்தால் அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். உங்கள் பணத்தை உங்களுக்குத் தராமல் பறிப்பதும் 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் வன்முறைதான். 181 பெண்கள் உதவி எண். கடையில் என் மனைவியிடம் தனியாகப் பேசலாம். உங்கள் சைக்கிளுக்கு எங்கள் கடையில் இடம் உண்டு.

மனைவிக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கி ஒளித்து வைக்கலாமா?

அதற்கு இடம் தருகிறோம், சந்தோஷமாக. அளவுதான் சிக்கல். உயரம் மட்டும் போதாது, கால் உள்நீளம் வேண்டும். அவர் போடும் பேண்ட்டோ சல்வாரோ இருந்தால் உள்தையலை ரெண்டு காலும் இணையும் இடத்திலிருந்து கணுக்கால் வரை அளந்து வாருங்கள். புடவை மட்டும்தான் கட்டுவார் என்றால் பார் தாழ்ந்த ஃபிரேம், செயின் கவர், பின் சக்கரத்துக்குப் புடவை வலை, இவை மூன்றும் இருப்பதாகப் பாருங்கள். சீட் பிடிக்காவிட்டால் ஒரு மாதத்துக்குள் மாற்றித் தருவோம்.

பையனிடம் "அம்மாகிட்ட சொல்லாதே" என்று சொல்லி வைத்திருக்கிறேன். பரவாயில்லையா?

வேண்டவே வேண்டாம். குழந்தையை இதில் இழுக்காதீர்கள்.

என் மனைவி கடைக்கு வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள்?

நாங்களாகப் போய்ச் சொல்ல மாட்டோம். கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டோம். "உங்க வீட்டுக்காரர் கிட்டயே கேளுங்கம்மா, அவர் சொல்றதுதான் சரி" என்போம். அதைக் கேட்டதுமே அவர்களுக்குப் புரிந்துவிடும், அதனால் பணம் வாங்கும் முன்பே உங்களிடம் இதைச் சொல்லிவிடுகிறோம்.

எல்லாம் சொல்லிக் கேட்டும் வேண்டாம் என்றுவிட்டால்?

அப்போது வாங்காதீர்கள். ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேளுங்கள். பணமா, ஈசிஆர் லாரிகளைப் பார்த்து வரும் பயமா, ஞாயிற்றுக்கிழமையா? லாரி பயம் என்றால் ஈசிஆரை விட்டுவிட்டு பாகூர் ஏரிப் பக்கத்துக் கிராமச் சாலைகளில் ஓட்டலாம், பின்னால் சிவப்பு விளக்கு, தலையில் ஹெல்மெட் என்று ஒப்புக்கொள்ளலாம். பணம் என்றால் ஆர்டி இருக்கிறது. அதுவரை வீட்டில் இருக்கும் பழைய சைக்கிளைக் கொண்டுவாருங்கள், கோட்டம் எடுத்து, பிரேக் கட்டை மாற்றி, ஓடுகிற நிலைக்குக் கொண்டுவந்து தருகிறோம். முன்பணம் கட்டியிருந்தால் ரசீதோடு வந்து முழுசாகத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம், பிடித்தம் எதுவும் கிடையாது.